பன்னிரண்டாம் தகடு

அந்தச் சாம்பல் நிற மோரிஸ் மைனர் பட்டறையை விட்டுச் சத்தமில்லாமல் வெளியே போய் இருபத்து மூன்று நாள். இழுவை லாரியின் முதுகில் ஏறித் திரும்பி வந்து நான்கு நாள். முதல் மூன்று நாளும் வேலு அதைத் தொடவில்லை. பானெட்டைத் திறந்து பார்ப்பார், மூடுவார், முக்காலியைத் தேடி உட்காருவார். டெங்கிக் காய்ச்சல் விட்ட பிறகும் கால்களில் பலம் திரும்பவில்லை. ஐம்பத்தெட்டு வயதுக்கு எழுபது வயதின் நடை வந்திருந்தது.

நான்காம் நாள் காலை மழைக்கு முந்திய புழுக்கத்தில் எழுந்து நின்றார்.

"வள்ளி, ஸ்டார்ட் பண்ணு."

அவர் மனைவி வள்ளியம்மா ஓட்டுநர் இருக்கையில் ஒரு காலை வெளியே வைத்தபடி உட்கார்ந்து குமிழை இழுத்தாள். எஞ்சின் முனகிப் பிடித்தது. மூன்று அடி சரியாக விழுந்தது, நான்காவது அடி வெறும் காற்றாகப் போனது. டப், டப், டப், புஸ். கார் முழுவதும் அந்த நான்காவது அடிக்கு ஒருமுறை குலுங்கியது.

வேலு நேற்றைய நாளிதழில் ஒரு கீற்றைக் கிழித்து, பின்னால் போய்க் குந்தி, புகைக்குழாயின் வாயில் பிடித்தார்.

பக்கத்து டயர் கடை ஸுல்கிஃப்லி தூக்குச் சட்டியும் கையுமாக வந்தவன் அப்படியே நின்றான்.

"என்னாண்ணே, காடிக்கு மூக்கு சிந்தி விடுறீங்களா?"

"வாயை மூடிட்டு காகிதத்தைப் பாரு."

காகிதம் வெளிப்பக்கமாகப் படபடத்தது. திடீரென்று உள்ளே இழுபட்டுக் குழாயின் வாயில் ஒட்டிக்கொண்டது. மறுபடி படபடத்தது, மறுபடி ஒட்டியது.

"மூச்சு விடுதுலா."

"விடணும். இழுக்கக் கூடாது. புகையை வெளிய அனுப்புற வால்வு ஒன்னு மூடாம நிக்குது. அந்த ஓட்டை வழியா உள்ள இழுக்குது."

"காகிதத்துலயே இவ்ளோ தெரியுமா? ஆஸ்பத்திரில உங்களுக்கு நாலு நாள் ரத்தம் எடுத்தான்களே, ஒரு காகிதத்தை மூக்குல பிடிச்சிருக்கலாம்." ஸுல்கிஃப்லி சட்டியை வேலை மேசையில் வைத்தான். "என் பொண்டாட்டி சலேஹா குடுத்துச்சு. நண்டு சூப்பு. டெங்கிக்கு இதான் மருந்து."

"காய்ச்சல் போய் மூனு வாரம் ஆச்சுடா."

"காய்ச்சல் போச்சு, தெம்பு எங்க வந்துச்சு? அக்கா, நீங்க பாத்து ஊட்டி விடுங்க. விட்டா இவரு இதையும் எஞ்சின்ல ஊத்திடுவாரு."

வள்ளியம்மா சிரித்தாள். சிரிப்பு பாதியில் நின்றுவிட்டது. குழாயின் வாயில் காகிதம் இன்னும் ஒட்டி ஒட்டி விலகிக்கொண்டிருந்தது.

பிறகு வேலு பிளக் வயர்களை ஒவ்வொன்றாகக் கழற்றிப் பார்த்தார். முதல் வயரைக் கழற்றினால் எஞ்சின் தடுமாறியது. இரண்டாவதைக் கழற்றினால் ஒரு மாற்றமும் இல்லை. அழுத்தம் பார்க்கும் கேஜைத் திருகிவிட்டுக் கையை உதறினார். எண்ணை வள்ளியம்மா படித்தாள்.

"ஒன்னு, நூத்தம்பது. ரெண்டு, முப்பது. மூனு, நூத்தி நாப்பத்தஞ்சு. நாலு, நூத்தம்பது."

"ரெண்டுல கொஞ்சம் எண்ணெய் ஊத்திப் பாரு."

ஊற்றினாள். மறுபடியும் முப்பது.

"பிஸ்டன் ரிங்கு தேஞ்சிருந்தா எண்ணெய்க்கு எண்ணு ஏறியிருக்கும். வால்வுதான்" என்றார். "எரிஞ்சிருக்கு."

அந்தச் சொல்லைக் கேட்டதும் வள்ளியம்மா எண்ணெய்க் குப்பியின் மூடியைத் திருகித் திருகி இறுக்கினாள்.

முப்பத்தோரு வருடம் அவள் அந்தப் பட்டறையில் நின்றிருக்கிறாள். ஜெலுத்தோங்கில் இரண்டு கடைகளுக்கு நடுவே துத்தநாகக் கூரை போட்ட இடம். கணக்கு எழுத வந்தவள், ஸ்பானர் எடுத்துக் கொடுக்கத் தொடங்கினாள். பிறகு காரின் முன்பக்கம் கைப்பிடியை மாட்டி எஞ்சினைச் சுற்றுவது அவள் வேலையானது. மோரிஸில் எட்டு வால்வு. ஒவ்வொரு வால்வையும் ஒரு சின்ன இரும்புக் கை தட்டித் திறக்கிறது. அந்தக் கைக்கும் வால்வின் தலைக்கும் நடுவே ஒரு மெல்லிய தகடு நுழையும் அளவுக்கு இடைவெளி விட வேண்டும். எட்டாவது திறந்து நிற்கும்போது முதலாவதின் இடைவெளியை வைக்க வேண்டும், ஐந்தாவது திறந்து நிற்கும்போது நாலாவதினுடையதை. இரண்டும் கூட்டினால் ஒன்பது வர வேண்டும். அவள் சுற்றிக்கொண்டே "எட்டு தொறந்திருக்கு" என்பாள். அவர் கையை நீட்டி "பன்னெண்டு" என்பார். மெல்லிய தகடுகளை விசிறி போல் கோத்த கேஜிலிருந்து பன்னிரண்டு என்று பொறித்த தகட்டை விரித்துக் கொடுப்பாள். அவ்வளவுதான். திருகாணியை இறுக்கும் கை எப்போதும் அவருடையது.

அந்த ஒரு நாளைத் தவிர.

காரின் சொந்தக்காரர் பரமநாதன், துறைமுக அலுவலகத்தில் கிளார்க்காக இருந்து ஓய்வு பெற்றவர், யாழ்ப்பாணத்துக் குடும்பம். அந்த மோரிஸ் அவருடைய அண்ணன் வாங்கியது. அந்த அண்ணன் கோலாலம்பூரில் இறந்து முப்பத்தோராம் நாள் அந்தியேட்டிச் சடங்கு. மற்ற எதையும் தள்ளிப் போடலாம், அந்த நாளைத் தள்ளிப் போட முடியாது. அண்ணன் வண்டியில்தான் போவேன் என்று அவர் பிடிவாதமாக இருந்தார். அவருக்கிருந்த ஒரே மனக்குறை, எஞ்சின் காலையில் போடும் டிக் டிக் சத்தம். அதைச் சரிசெய்யச் சொல்லித்தான் விட்டுப் போனார். அதைப் பற்றி வேலு வருடக்கணக்காக ஒரே பதிலைச் சொல்லி வந்தார். "கொஞ்சம் சத்தம் இருக்கணும் சார். சத்தமே இல்லன்னாதான் எனக்கு பயம்."

கார் வந்த அன்றே வேலுவுக்குக் காய்ச்சல் ஏறியது. மறுநாள் காலையில் வேலைக் கால்சட்டையோடு பெரிய ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள். அதற்கு மறுநாள் காலை காரை எடுத்தாக வேண்டும் என்று பரமநாதனின் மனைவி யோகம்மா போன் செய்தார். அவரைச் சேர்த்த அன்றே மாலை வள்ளியம்மா ஆஸ்பத்திரியிலிருந்து நேராகப் பட்டறைக்கு வந்து, மூடியைக் கழற்றி, கைப்பிடியை மாட்டினாள். சுற்றினாள். நடந்து வந்து குனிந்து வைத்தாள். மறுபடி நடந்து போய்ச் சுற்றினாள். இரண்டு பேர் வேலையை ஒருத்தி செய்ததில் முழங்கால் வீங்கியது. வேலுவின் கேஜைக் காணோம். அது அவருடைய கால்சட்டைப் பையில் ஆஸ்பத்திரிக்குப் போயிருந்தது. இழுப்பறையில் மகள் ஷர்மினி தீபாவளிக்கு வாங்கித் தந்த புதுக் கேஜ் உறை பிரிக்காமல் கிடந்தது. அதில் பன்னிரண்டைத் தேடி எடுத்தாள். எண்ணுக்கு முன்னால் ஒரு பூஜ்யமும் புள்ளியும் இருந்தன. புதுசில் அப்படிப் போடுவார்கள் போலிருக்கிறது என்று நினைத்தாள்.

எட்டையும் வைத்து முடித்து எஞ்சினை ஓட்டியபோது டிக் டிக் இல்லவே இல்லை. காதை வைத்துக் கேட்டாள். எஞ்சின் சுழலும் காற்று மட்டும் கேட்டது. வேலு சொல்லும் வார்த்தை நினைவுக்கு வந்தது. ஆனால் அந்த அமைதி அவள் கையால் வந்தது. அவளுக்கு அதைக் குறை சொல்ல மனம் வரவில்லை.

மறுநாள் காலை பரமநாதன் வந்தார்.

"வேலு எங்கே?"

"காய்ச்சல் சார். நேத்து வேலையை முடிச்சுக் குடுத்துட்டுதான் படுத்தாரு."

ஒரு பெண் கை வைத்த எஞ்சினில் அவர் கோலாலம்பூர் வரை போவாரா என்று அவளுக்குத் தெரியாது. அதனால் சொன்னாள். அது சின்னப் பொய்.

பெரிய பொய் ஒரு வாரம் கழித்து வந்தது. வேலு வீடு திரும்பிப் படுத்திருந்தபோது கோலாலம்பூரிலிருந்து பரமநாதன் போன் செய்தார்.

"வேலு, நீர் கையிலை என்ன வைச்சிருக்கிறீர்? எஞ்சின் ஓடுதோ இல்லையோ எண்டே தெரியேல்லை! இவ்வளவு காலம் ஏன் இப்பிடிச் செய்யேல்லை?"

போனை வைத்துவிட்டு வேலு அவளைப் பார்த்தார். "நான் எப்ப வள்ளி அந்தக் காடியைத் தொட்டேன்?"

"ஆஸ்பத்திரி போற காலையிலதான். காய்ச்சலோட வச்சீங்க. ஞாபகம் இல்லையா?"

அவர் கொஞ்ச நேரம் யோசித்தார். "இருக்கும்" என்றார். அந்தக் காலையில் நடந்த வேறு எதுவும்கூட அவருக்கு ஞாபகம் இல்லை. அவளுக்கோ அந்தப் பாராட்டைக் கொஞ்ச நாள் யாரும் தொடாமல் வைத்திருக்க வேண்டும் போலிருந்தது. நல்லபடியாக ஓடி முடியட்டும், ஒருநாள் சிரித்துக்கொண்டே சொல்லலாம் என்று விட்டுவிட்டாள்.

பரமநாதன் அண்ணிக்குத் துணையாக இரண்டு வாரத்துக்கு மேல் தங்கினார், தினமும் அந்தக் காரில் கோலாலம்பூரைச் சுற்றினார். திரும்பும் வழியில் ஈப்போவைத் தாண்டி மெனோரா ஏற்றத்தில் எஞ்சின் இழுவை விட்டது. எழுபத்துநாலு வயது யோகம்மா இரண்டு மணி நேரம் நெடுஞ்சாலை ஓரத்தில் மழையில் நின்றார்.

நான்காம் நாள் மத்தியானம் மழை துத்தநாகக் கூரையில் இறங்கியது. பேசினால் கத்த வேண்டும். வேலு வால்வு மூடியைக் கழற்றினார்.

"சுத்து" என்று கையால் காட்டினார்.

அவள் சுற்றினாள். "எட்டு தொறந்திருக்கு!"

அவர் பையிலிருந்து பழைய கேஜை எடுத்துப் பன்னிரண்டை நுழைத்தார். நுழையவில்லை. பத்து நுழையவில்லை. எட்டு இல்லை. ஐந்து இறுக்கமாக நுழைந்தது.

"ஏழு!" என்று அவள் கூவினாள்.

இரண்டாவதிலும் ஐந்து. மூன்றிலும் ஐந்து. நாலாவதில் எதுவுமே நுழையவில்லை. இரும்புக் கை வால்வின் மேல் அழுந்தி நின்றது. மற்ற நான்கிலும் ஐந்து.

மழை சற்றுத் தணிந்தபோது வேலு முக்காலியில் உட்கார்ந்தார்.

"ஒன்னு ரெண்டு தப்பா இருந்தா அவசரத்துல வச்சதுன்னு சொல்லலாம். எல்லாம் ஒரே அளவு வள்ளி. நல்லா கவனமாத்தான் வச்சிருக்கேன். கவனமா தப்பா வச்சிருக்கேன்."

"காய்ச்சல்லங்க."

"காய்ச்சல்ல கை நடுங்கும். பன்னெண்டு எப்படி அஞ்சாகும்? சூடு ஏறினா வால்வு நீளும், அதுக்குத்தான் எடம் விடுறது. எடம் இல்லன்னா மூட முடியாம தெறந்தே நின்னு எரியும். இது எனக்குத் தெரியாதா?" கேஜை மடக்கினார், விரித்தார், மடக்கினார். "சுங்கை பாக்காப் ஊர்ல எங்க அண்ணனுக்கு எப்படி ஆரம்பிச்சுச்சு தெரியுமா? கேட்டைப் பூட்டிட்டு வந்து பூட்டலன்னு சொல்வாரு. அறுபது வயசுல. ரெண்டு வருஷத்துல பெத்த மகனையே யாருன்னு கேட்டாரு."

வள்ளியம்மா ஈரத் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் பன்னிரண்டுதான் வைத்தாள். தகட்டைக் கண்ணால் பார்த்து எடுத்து வைத்தாள். அப்படியானால் இப்போது அளக்கும் கைதான் தப்பா? ஒரு நொடி அவளும் அதை நம்பினாள். அவருக்கு உண்மையாகவே ஏதோ ஆகிக்கொண்டிருக்கிறது என்று நம்பினாள்.

"சனிக்கிழமை சார் வர்றாரு. நேரா சொல்லிடுவேன்" என்றார் வேலு. "எஞ்சின் ஹெட்டை வேற எடத்துல குடுத்து பண்ணிக்கட்டும். ஸுல்கிஃப்லி இந்த எடத்தைக் கேட்டுக்கிட்டே இருக்கான். எடுத்துக்கட்டும். எனக்குத் தெரியாம நான் ஒரு காடியோட பிரேக்குல கை வச்சா என்ன ஆவுறது?"

அன்று சாயங்காலம் வள்ளியம்மா இழுப்பறையிலிருந்து புதுக் கேஜை எடுத்துக் கைப்பையில் போட்டுக்கொண்டு வீடு வந்தாள். ஒன்பதாம் மாடி ஃபிளாட். அடுப்பில் சோறு, பக்கத்தில் சார்டின் சம்பால். துவைக்கப் போட்ட கால்சட்டைப் பையிலிருந்து பழைய கேஜை எடுத்தாள். இரண்டிலும் பன்னிரண்டை விரித்தாள். விரலிடுக்கில் வைத்து வளைத்துப் பார்த்தாள். பழையது நகம் போல் எதிர்த்து நின்றது. புதியது சாக்லேட் தாள் போல் மடிந்தது.

கண்ணை மூடிக்கொண்டு மறுபடி தொட்டாள். கைக்கும் அதேதான் தெரிந்தது.

கதவைத் திறந்துகொண்டு ஷர்மினி வந்தாள். பாயான் லெப்பாஸ் தொழிற்சாலையில் பன்னிரண்டு மணி நேர ஷிஃப்ட். தொழிற்சாலைப் பஸ்ஸில் தூங்கி வந்ததில் கன்னத்தில் ஜன்னல் கம்பியின் தடம்.

"அம்மா, சோறு அடிப் புடிக்குது! என்ன பண்றீங்க?"

"ஷர்மி, ரெண்டும் பன்னெண்டுதானே?"

ஷர்மினி அடுப்பைக் குறைத்துவிட்டு வாங்கிப் பார்த்தாள். "இல்லம்மா. அப்பாவோடது அங்குலக் கணக்கு, ஆயிரத்துல பன்னெண்டு. இது மில்லிமீட்டர். இது அதுல பாதிகூட வராது."

"பாதிகூடவா?"

"அஞ்சுக்குக் கொஞ்சம் கம்மி." அவள் தகட்டைத் திருப்பிப் பார்த்தாள். "இதை அப்பா தொடவே மாட்டேன்னாருலா. புதுசு கையோட பேசலன்னாரு. இதுல எப்படி எண்ணெய் பட்டுச்சு?"

வள்ளியம்மா தகட்டை வாங்கி விரலால் துடைத்தாள்.

"அம்மா."

"சோத்தை எறக்கு."

"அம்மா, அந்தக் காடியை நீங்களா…"

"எறக்குடி."

ஷர்மினி சோற்றை இறக்கினாள். தாயின் பக்கத்தில் உட்கார்ந்தாள். "நான் வாங்கும்போதே சொல்லிருக்கணும்" என்றாள் ஷர்மினி. "எங்க ஃபேக்டரில எல்லாமே மில்லிமீட்டர். எனக்குத் தோணவே இல்ல. அப்பாகிட்ட சொல்லுங்கம்மா."

"சொல்றேன்."

உள்ளே வேலு போனில் பேசிக்கொண்டிருந்தார். சுங்கை பாக்காப் அண்ணன் மகனிடம், அப்பாவை எந்த டாக்டரிடம் காட்டினீர்கள், முதலில் என்னென்ன மறந்தார் என்று ஒவ்வொன்றாகக் கேட்டுக் காகிதத்தில் குறித்துக்கொண்டிருந்தார்.

மறுநாள் வெள்ளிக்கிழமை. காலையில் பட்டறைக் கதவைத் தூக்கியபோது வள்ளியம்மா, "என்னங்க" என்றாள்.

"ம்?"

"கோப்பி ஓ வாங்கியாரட்டா?"

"வேணாம். வாய் கசக்குது."

பத்து மணிக்கு மறுபடி, "என்னங்க" என்றாள். அவர் சுவரில் மாட்டியிருந்த ஸ்பானர்களை அளவு வாரியாக எடுத்துத் துடைத்துப் பெட்டியில் அடுக்கிக்கொண்டிருந்தார். ஒவ்வொன்றையும் அடுக்கும்போது அதன் எண்ணை வாய்க்குள் சொல்லிப் பார்த்தார். பள்ளிக்கூடப் பிள்ளை வாய்ப்பாடு ஒப்பிப்பது போல. உண்மையைச் சொன்னால் காய்ச்சலில் கிடந்த மனிதனை வைத்து அவள் சொன்ன பொய்யும் சேர்ந்து வெளியே வரும். எரிந்த வால்வை மாற்றலாம். அந்த வார்த்தையை எந்தக் கடையில் கொடுத்து மாற்றுவது?

ஸுல்கிஃப்லி எட்டிப் பார்த்தான். பெட்டியைப் பார்த்ததும் அவன் முகம் மாறியது.

"அண்ணே, எடத்தைக் குடுங்கன்னு சும்மா வெளையாட்டுக்குச் சொன்னதுலா. நீங்க போயிட்டா நான் யார்கிட்ட வாய் குடுத்து ஏச்சு வாங்குறது?"

"டயருகிட்ட பேசு. அது திருப்பிப் பேசாது."

"அக்கா, நீங்களாவது சொல்லுங்கக்கா."

அவள் நண்டு சூப்புச் சட்டியைக் கழுவி அவன் கையில் கொடுத்தாள்.

சனிக்கிழமை காலையிலேயே மழை பிடித்துக்கொண்டது. வாடகைக் காரில் பரமநாதனும் யோகம்மாவும் வந்து இறங்கினார்கள். குடையை மடக்கியபோது யோகம்மாவுக்கு இருமல் வந்தது. வள்ளியம்மா ஓடிப்போய் அவரைப் பிடித்து இருக்கும் ஒரே நாற்காலியில் உட்கார வைத்தாள்.

"சுகமோ வள்ளியம்மா?"

"இருக்கேம்மா. மழையில நின்னுட்டீங்களாம்…"

"நிண்டதுதான். இவரோடை வாழ்ந்து நனைஞ்சதை விடவோ?"

பரமநாதன் அதைக் காதில் வாங்கவில்லை. திறந்திருந்த எஞ்சினையும் வேலுவையும் மாறி மாறிப் பார்த்தார். "என்ன வேலு, இப்பிடி மெலிஞ்சு போட்டீர்? பிழை என்னெண்டு தெரிஞ்சுதோ?"

"தெரிஞ்சிருச்சு சார். ரெண்டாவது சிலிண்டர் வால்வு எரிஞ்சு போச்சு. எடைவெளி பத்தல."

"பத்தேல்லையோ? எப்பிடி? நீர்தானே வைச்சனீர்?"

வேலு கையைத் துணியில் துடைத்தார். துடைக்க அதில் எதுவும் இல்லை.

"ஆமா சார். நான்தான் வச்சேன். தப்பா வச்சிருக்கேன். அதைவிட மோசம், வச்சதே எனக்கு ஞாபகம் இல்ல. எங்க அண்ணனுக்கும் இப்படித்தான் ஆச்சு. நீங்க காடியை வேற ஆளுகிட்ட காட்டுங்க. இனிமே நான் எந்தக் காடியிலயும் கை வைக்கிறதா இல்ல."

பரமநாதனின் முகத்தில் கோபம் வந்தது, பாதியில் இரக்கமாக மாறியது. இரக்கம் வந்ததை வேலு பார்த்தார். தலையைக் குனிந்துகொண்டார். முப்பத்தோரு வருடத்தில் ஒரு வாடிக்கையாளர் முன்னால் அவர் தலை குனிந்து வள்ளியம்மா பார்த்ததில்லை.

"வயது போனால் எல்லாருக்கும் வாறதுதான் வேலு" என்றார் பரமநாதன் மெதுவாக. "அண்ணனுக்கும் கடைசியிலை…"

"இவருக்கு ஞாபகம் போகல சார்."

எல்லாரும் திரும்பினார்கள். வள்ளியம்மாவுக்கே தன் குரல் மழையைத் தாண்டிக் கேட்டது ஆச்சரியமாக இருந்தது. கைப்பையைத் திறந்து புதுக் கேஜை எடுத்தாள். பன்னிரண்டை விரித்து மோரிஸின் மட்கார்டு மேல் வைத்தாள். வேலுவின் சட்டைப் பையில் கைவிட்டுப் பழைய கேஜை எடுத்து, அதிலும் பன்னிரண்டை விரித்துப் பக்கத்தில் வைத்தாள்.

வேலு குனிந்து இரண்டையும் தொட்டார். முதலில் ஒன்றை, பிறகு மற்றதை. அவர் விரல் புதியதன் மேல் நின்றது. மெதுவாக நிமிர்ந்து அவளைப் பார்த்தார்.

அவளும் அவரைத்தான் பார்த்தாள். பேசியது மட்டும் பரமநாதனிடம்.

"நடக்காதது எப்படி சார் ஞாபகம் இருக்கும்? அன்னைக்கு அவரு ஆஸ்பத்திரில ட்ரிப்ஸோட கெடந்தாரு. எட்டு வால்வையும் வச்சது நான்."